மைசூர் அரண்மனை விளக்கு பார்த்துட்டு அதே ராத்திரி குன்னூர் திரும்ப முடியுமா?

பெட்போர்டு மீனா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க குன்னூர் பெட்போர்டு பக்கம். பையனுக்குப் பரீட்சை முடிஞ்சதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூர் போகலாம்னு இருக்கோம். இது எங்கம்மாவோட ஆசை. அவங்களுக்கு 71 வயசு, கட்டபெட்டு பக்கம் தோட்டத்துல இலை பறிச்சவங்க. எந்தக் காலத்துலயோ மளிகைக் கடையில குடுத்த காலண்டர்ல மைசூர் அரண்மனை ராத்திரி விளக்கோட இருந்துச்சாம். வருஷம் முடிஞ்சும் தேதியை மட்டும் கிழிச்சுட்டு படத்தைச் சுவத்துலயே விட்டு வெச்சிருந்தாங்க. "அதை ஒருக்கா நேர்ல பாத்துட்டாப் போதும்"ங்கிறாங்க.

பிரச்சனை என்னன்னா, வீட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை காலையில ஃபேக்டரி ஷிப்ட். சொந்தக் கார்தான், அவரே ஓட்டுவார். ஞாயிறு சாயங்காலம் விளக்கு பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே கிளம்பி வீடு வந்து சேர முடியுமா? காட்டு ரோட்டுல கேட் மூடுவாங்கன்னு சொல்றாங்களே?

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. படி ஏறிடுவாங்க, இறங்கத்தான் சிரமம். உள்ள எவ்வளவு படி இருக்கும்? ஏறாமலே பாக்கக் கூடியது ஏதாவது இருக்கா?

பையன் எட்டாவது. "யூட்யூப்ல பாத்துக்கலாமே, எதுக்கு அவ்வளவு தூரம்"ங்கிறான். எங்க நாத்தனார் அதுக்கும் மேல, "மைசூர் மகாராஜா அரண்மனை ஊட்டியிலயே இருக்கு, பஸ்ல போனா அரை நாள் வேலை"ங்கிறாங்க. அது உண்மையா? உள்ள விடுவாங்களா?

---

கேத்தி பையன்:

கண்டிப்பா விளக்கு பாருங்க அக்கா. கிட்டத்தட்ட 97,000 பல்பு, ஏழு மணிக்கு ஒரே நேரத்துல எரியும். சுத்தி நிக்கிற கூட்டமே "ஓ"ன்னு கத்தும். அரண்மனை உள்ள எல்லாம் எனக்குப் பெருசா ஒண்ணும் தோணலை, கூட்டத்தோட கூட்டமா நகர்ந்துட்டே இருந்தோம். விளக்குதான் மெயின்.

திரும்பி வர்றதுக்கு ஒரு ஐடியா. 7.45 வரைக்கும் எரியும். நீங்க பத்து நிமிஷம் பாத்துட்டு 7.10க்கு வண்டி எடுத்தா ஒன்பது மணிக்குள்ள பந்திப்பூர் கேட்டைப் பிடிச்சிடலாம். மேப்ல ஒன்றரை மணி நேரம்தான் காட்டுது. நாங்க பைக்ல அப்படித்தான் வந்தோம்.

---

கல்லட்டி 36:

தம்பி கணக்கு பைக்குக்குச் சரி. 71 வயசு அம்மாவைப் பின் சீட்டுல வெச்சுக்கிட்டு அந்தக் கணக்குல கிளம்பிடாதீங்க அம்மிணி.

நான் ஊட்டி காந்தல். அம்பாசடர் காலத்துலேருந்து டூரிஸ்ட் டாக்சி ஓட்டினவன், இப்ப மகன் ஓட்டுறான். மைசூர் ரோடு எனக்கு வீட்டுத் திண்ணை மாதிரி. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

பந்திப்பூர்ல ராத்திரி 9 மணியிலேருந்து காலையில 6 மணி வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. 2009லேருந்து இப்படித்தான். குண்டலுப்பேட்டை தாண்டினா மேலுகாமனஹள்ளியில செக்போஸ்ட், அங்க நிறுத்திடுவாங்க. 9.02க்குப் போனாலும் அதே பதில்தான். ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசு பஸ்ஸுக்கும் மட்டும் வழி.

இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தை யோசிங்க. அரண்மனையைச் சுத்தி ரோடே தெரியாது, தலைதான் தெரியும். பார்க்கிங்லேருந்து வண்டியை வெளிய எடுக்கறதே ஒரு வேலை. அதுக்கப்புறம் நஞ்சன்கூடு ரோடு. லீவு முடிஞ்சு வயநாடு போற கேரளா வண்டியும் ஊட்டி போற வண்டியும் ஒண்ணா அதே ரோட்டுலதான் ஓடும், குண்டலுப்பேட்டை வரைக்கும் 60 கிலோமீட்டர். மேப் ஒன்றரை மணி நேரம்னு சொல்றது காலி ரோட்டுக்கு. கேட்டைத் தவற விட்டவங்க ரோட்டோரமா கண்ணாடியை ஏத்திட்டு காருக்குள்ளயே தூங்கறதை நிறையப் பாத்திருக்கேன். சிலர் குண்டலுப்பேட்டைக்குத் திரும்பி லாட்ஜ் தேடுவாங்க. சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலை வழியா சுத்திக்கலாம்னு ஒரு புத்திசாலி கிளம்புவார். அங்கயும் ராத்திரி அடைப்புதான்.

சரி, கேட்டைப் பிடிச்சிட்டீங்கன்னே வெச்சுக்குங்க. அதுக்கப்புறம் காடு, தெப்பக்காடு, அப்புறம் மலை. கூடலூர் வழியா வந்தா நடுவட்டத்துல பனி இறங்கியிருந்தா முன்னாடி பானெட் தெரியாது. கல்லட்டி வழியா வந்தா 36 கொண்டை ஊசி வளைவு. ஊட்டி வந்து அங்கேருந்து இன்னும் குன்னூர். நடுராத்திரி தாண்டிடும். மறுநாள் ஷிப்ட் போற மனுஷன் கையில அந்த ஸ்டியரிங்கைக் குடுக்காதீங்க.

அதனால ரெண்டுல ஒண்ணு. விளக்கு வேணும்னா ராத்திரி மைசூர்ல தங்கணும். தங்க முடியாதுன்னா விளக்கை விட்டுடணும். ஒரு வழி இருக்கு. விளக்கு ஞாயிறு மட்டும் இல்லை, அரசு விடுமுறை நாளும் போடுவாங்க. சனிக்கிழமையில கர்நாடகா கவர்மெண்ட் லீவு விழுதான்னு காலண்டர்ல பாருங்க. விழுந்தா சனி ராத்திரி விளக்கு பாத்து, ரூம் போட்டுத் தூங்கி, ஞாயிறு சாவகாசமா மலையேறிடலாம். உங்க வீட்டுக்காரர் ஷிப்டும் போகாது. மத்த நாள்ல ஒலி ஒளிக் காட்சின்னு ஒண்ணு டிக்கெட் போட்டு நடத்துவாங்க, அது முடிஞ்சதும் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். அதுவும் பரவாயில்லை, ஆனா உங்கம்மா காலண்டர்ல பாத்தது ஞாயித்துக்கிழமை விளக்குதான்.

இனி உள்ள பாக்கறதைப் பத்தி. தம்பி "ஒண்ணும் தோணலை"ன்னு எழுதியிருக்கு. அதுல தப்பு சொல்ல மாட்டேன். நானே பல வருஷம் உள்ள போனது கிடையாது. பாசஞ்சரை இறக்கி விட்டுட்டு சீட்டைச் சாய்ச்சுப் படுத்துடுவேன். திரும்பி வர்றவங்க முகத்தைப் பாத்தா தெரியும், முக்காவாசிப் பேர் ஏமாந்துதான் வருவாங்க. "தங்க சிம்மாசனம் எங்கப்பா? இல்லவே இல்லையே?" அது நவராத்திரி சமயத்துல மட்டும்தான் வெளிய எடுத்து, ஒண்ணு சேத்து வெப்பாங்க. மத்த மாசம் போய் சிம்மாசனம் தேடினா கிடைக்காது. யானை மேல வெக்கிற அம்பாரி கண்ணாடிக்குள்ள இருக்கும், 750 கிலோ எடை, தங்கத்தகடு போட்டது. அதைப் பாத்து ஒரு போட்டோ, அதோட ஓட்டம்.

ஒரு சீசன்ல பெரியவர் ஒருத்தர் வந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்புல வார்ப்புப் பட்டறையில இருந்து ரிட்டையர் ஆனவர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. "வாய்யா, டிக்கெட் நான் எடுக்கறேன்"னு என்னை இழுத்துட்டுப் போனார். தங்கத்தை அவர் திரும்பியே பாக்கலை. நேரா கல்யாண மண்டபத்துல போய் நின்னு அண்ணாந்து பாத்தார். எட்டுப்பட்டையா ஒரு கூடம், மேல கூரை பூரா கலர் கண்ணாடி, கண்ணாடியில மயில். "இந்தத் தூண் எதுல செஞ்சதுன்னு சொல்லு பாப்போம்"னார். நான் கல்லுன்னேன், மரம்னேன். "வார்ப்பு இரும்புய்யா. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பட்டறையில வார்த்து, கப்பல்ல ஏத்தி இங்க கொண்டு வந்து நட்டிருக்கான். கண்ணாடியும் அங்கேருந்துதான். மயில் டிசைன் மட்டும் மைசூர் ஓவியர்கள் போட்டுக் குடுத்தது." அப்படியே அரை மணி நேரம். பின்னாடி வந்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் எனக்கு அந்தக் கட்டடத்து மேல ஒரு இது வந்துச்சு. அங்க இருக்கிற கைடுங்ககிட்ட, கன்னடத்துல கேட்டுக் கேட்டு, கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன்.

இதுக்கு முன்னாடி அதே இடத்துல இருந்தது மர அரண்மனை. 1897ல ராஜகுமாரி ஜெயலட்சுமம்மணிக்குக் கல்யாணம், அந்தச் சமயத்துல தீப்பிடிச்சு பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. அப்ப ராஜா யாருன்னா 12 வயசுப் பையன், நாலாவது கிருஷ்ணராஜ உடையார். அப்பா சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பர்ல கல்கத்தா போன இடத்துல இறந்துட்டார். ஆட்சியைப் பாத்துக்கிட்டது அம்மா, வாணி விலாச சன்னிதானம். வீட்டுக்காரர் போயி மூணு வருஷம் ஆகலை, மக கல்யாணத்துல வீடே எரியுது. அந்த அம்மா புதுசா கட்டச் சொல்லி ஹென்றி இர்வின்கிட்ட குடுத்தாங்க. சிம்லாவுல வைஸ்ராய் மாளிகை கட்டின ஆள், நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லயும் அவர் கை உண்டு. 1912ல முடிச்சாங்க. அந்தக் காலத்து 41 லட்ச ரூபாய்க்கு மேல.

இப்ப நான் சொல்றது என் கணக்கு, புஸ்தகத்துல தேடாதீங்க. கல்யாணத்துல வந்த தீயில போன வீடு. திருப்பிக் கட்டறப்ப கல்யாண மண்டபத்தைத்தான் இரும்புலயும் கண்ணாடியிலயும் கட்டியிருக்காங்க. வெளிய கருங்கல்லு, உள்ள இரும்பு. அந்த அம்மா என்ன நினைச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணும். எல்லாரும் தங்கத்தைத் தேடி ஓடற வீட்டுல நான் இரும்பைக் காட்டித்தான் பாசஞ்சரை நிறுத்துவேன்.

உங்க பையனுக்கு ஒரு வேலை குடுங்க. மண்டபத்தைச் சுத்தி சுவத்துல தசரா ஊர்வலம் வரைஞ்சிருக்கும். யானை, குதிரைப்படை, பேண்டு வாத்தியம், வேடிக்கை பாக்கிற ஜனம், எல்லாம் வரிசையா. சும்மா கூட்டம்னு வரையலை, ஒவ்வொரு முகமும் வேற வேற. அவனைக் கூட்டத்துல பிடிச்சதா ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அந்த ஆள் என்ன பண்றான்னு சொல்லச் சொல்லுங்க. யூட்யூப்ல அந்தப் படம் ரெண்டு செகண்டுல ஓடிடும்.

முட்டி விஷயம். கீழ்த்தளத்துல பொம்மை மண்டபம், அம்பாரி, யானை வாசல், கல்யாண மண்டபம், தசரா ஓவியம் எல்லாம் முடிஞ்சிடும். இது அம்மாவுக்குக் கஷ்டமில்லை, நடைதான். அப்புறம் படி ஏறினா மேல பெரிய தர்பார் மண்டபம், அங்கேருந்து சாமுண்டி மலை நேர தெரியும். அதை ஒட்டி அம்பாவிலாசம், ராஜா தனியா ஆளுங்களைப் பாக்கிற மண்டபம். அழகுல அதுதான் முதல்னு எல்லாரும் சொல்லுவாங்க. தூணெல்லாம் தங்கப்பூச்சு, கதவுல ஈட்டி மரத்துல தந்தம் இழைச்சிருக்கும். ஆனா ஏறினா இறங்கணும், பின்னாடி கூட்டம் தள்ளும். டிக்கெட் எடுக்கிற இடத்துலயே சக்கர நாற்காலி பத்திக் கேளுங்க. கூச்சப்பட வேண்டாம். ஏற முடியலைன்னா பையனையும் அப்பாவையும் மேல அனுப்பிட்டு நீங்களும் அம்மாவும் மண்டபத்துலயே இருங்க. ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் போகணும். முற்றத்துல கல் தரை வெயில்ல கொதிக்கும், அம்மாவுக்கு சாக்ஸ் போட்டு விடுங்க.

காலையில 10 மணிக்குத் திறப்பாங்க. 10 மணிக்கு வாசல்ல நின்னா அரண்மனை உங்களுது. 11.30க்கு மேல பள்ளிக்கூட பஸ் வந்துடும். குன்னூர்ல அஞ்சு மணிக்கு எடுத்தா கேட் திறந்த கொஞ்ச நேரத்துல காட்டுக்குள்ள இருப்பீங்க. 43 நம்பர், அதாவது நீலகிரி பதிவு வண்டின்னா கல்லட்டியில இறங்க விடுவாங்க, ரெண்டாவது கியரை விட்டு வெளிய வராதீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா மாவனல்லா வர்றதுக்குள்ள கருகல் நாத்தம் வந்துடும். வீட்டுக்காரருக்குக் கல்லட்டி பழக்கமில்லைன்னா கூடலூர் வழியே போங்க, 30 கிலோமீட்டர் கூடுதல், ஆனா நிம்மதி.

ஒண்ணே ஒண்ணு. அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் போடாதீங்க. அந்தப் பேக்கேஜை ஓட்டினவன் நான், எனக்குத் தெரியும். கடைசி இடத்துல பாசஞ்சர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டாங்க.

---

கோத்தகிரி ஓய்வாசிரியர்:

மேலே ஓட்டுநர் அன்பர் எழுதியிருப்பது அருமை. உங்கள் நாத்தனார் சொன்னதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

ஊட்டியில் இருப்பது ஃபெர்ன்ஹில் மாளிகை. 1873-ல் மைசூர் அரச குடும்பம் வாங்கி, கோடைக்கால இருப்பிடமாக வைத்துக்கொண்டது. சிறிய ரயிலில் லவ்டேலுக்கும் ஊட்டிக்கும் நடுவே ஃபெர்ன்ஹில் என்றே ஒரு நிலையம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஆனால் அது அருங்காட்சியகம் அல்ல. பிற்காலத்தில் தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட இடம். டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு கிடையாது. ஜோத்பூர் மன்னரின் அரன்மோர் மாளிகை அரசு விருந்தினர் மாளிகை ஆகிவிட்டது, அதுவும் நமக்கில்லை. ஊட்டியில் ராஜாக்கள் வீடு நிறைய, நுழைய முடிந்தது குறைவு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 1964 முதல் 1966 வரை நம் மதராஸ் மாநிலத்துக்கு ஆளுநராக இருந்தார். ஆளுநருக்கு ஊட்டியில் அரசு மாளிகை உண்டு. ஆக, ஒரே ஊரில் சொந்தமாக ஒரு மாளிகை, பதவியால் இன்னொன்று!

பையனுக்கு வீட்டருகே ஏதாவது காட்ட வேண்டுமென்றால் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு வாருங்கள். ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா, இடிந்து கிடந்ததைச் சீர்செய்து நீலகிரி வரலாற்றுக்கான சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அரண்மனை அல்ல, ஓடு வேய்ந்த இரண்டு மாடி வீடுதான். 1799-ல் திப்பு வீழ்ந்தபோது மைசூர் வசமிருந்த இந்த மலையும் கும்பினியாரிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. இருபது வருஷம் கழித்துத்தான் சல்லிவன் ஏறி வந்தார். மைசூருக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டால் பையனுக்குத் தொடர்பு புரியும்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு என் சிபாரிசு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத். மைசூரிலிருந்து அரை மணி நேரம்தான். 1784-ல் தேக்கு மரத்தில் கட்டியது. தோட்டத்தின் நடுவே, தாழ்வான மேடைமேல் இருக்கிறது. தாழ்வாரச் சுவரில் 1780-ல் நடந்த பொள்ளிலூர்ச் சண்டையை முழு நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டை அது, ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையைச் சிதற அடித்தது. ஆங்கிலத் தளபதி பல்லக்கில் உட்கார்ந்து விரல் கடித்துக்கொண்டிருப்பதை உங்கள் பையன் கண்டுபிடிக்கட்டும்.

மைசூருக்குள்ளேயே ஜெகன்மோகன் அரண்மனை என்று ஒன்று, 1861-ல் கட்டியது. பெரிய அரண்மனை எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அரச காரியம் அங்கேதான். 1902-ல் வைஸ்ராய் கர்சன் பிரபு வந்து கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆட்சிப் பொறுப்பு கொடுத்ததும் அங்கேதான். இப்போது ஓவியக் கூடம். ரவி வர்மா படங்கள் உண்டு, ஹால்தங்கர் வரைந்த, கையால் விளக்கொளியை மறைத்துப் பிடித்த பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள். போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் அன்பரோடு ஒரு சிறு வேறுபாடு. கல்யாண மண்டபம் இரும்பில் ஆனதற்குத் தீ மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ரயில் நிலையம், கண்காட்சி மண்டபம் எல்லாம் வார்ப்பு இரும்பும் கண்ணாடியும்தான். நடுவில் தூண் இல்லாமல் அகலமான இடத்துக்குக் கூரை போட அதுவே சுலபம். இர்வின் அந்த மரபில் வந்த பொறியாளர்.

எங்கள் குடும்பத்தில் ஒருமுறை பாட்டியை அழைத்துக்கொண்டு போனோம். கன்னடத்துக்கு நெருக்கமான எங்கள் படுகு மொழி தவிர வேறு பேச்சு தெரியாதவர். யானை வாசலில் நின்ற காவலரிடம் படுகிலேயே ஏதோ கேட்டார். அவர் கன்னடத்தில் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைவிட அவருக்குத்தான் அரண்மனை அதிகம் புரிந்தது.

---

கல்லட்டி 36:

சார் சொல்றது சரியாத்தான் இருக்கும், நான் படிச்சவன் இல்லை. ஆனா ரயில்வே ஸ்டேஷனுக்கு இரும்பு போட்டது மழைக்குக் கூரை வேணும்னு. மக கல்யாணத்துல வீடு எரிஞ்ச ஒரு அம்மாகிட்ட "இரும்புல போடலாமா"ன்னு கேட்டா, ரெண்டு காரணமும் ஒண்ணாத்தானே இருந்திருக்கும்? சண்டைக்குச் சொல்லலை சார்.

தரியா தௌலத் நல்ல யோசனை. வாசல்லேருந்து தோட்டத்துக்குள்ள கொஞ்சம் நடக்கணும், அதை மட்டும் அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மறுநாள் காலையில வெச்சுக்கலாம்.

---

பெட்போர்டு மீனா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, நீங்க எழுதினதை அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். தீப்பிடிச்ச கதையைக் கேட்டுட்டு, "எங்க தோட்டத்து லைன் வீட்டுலயும்தான் ஒருக்கா எரிஞ்சுது. நமக்கு மறுபடி தகரம்தான் போட்டுக் குடுத்தான்"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தம்மா பாவம்"ன்னு அவங்களே சொன்னாங்க. இப்ப விளக்கோட அந்தக் கல்யாண மண்டபத்தையும் பாக்கணுமாம்.

சனிக்கிழமை லீவு ஒண்ணு கண்டுபிடிச்சிட்டோம். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்டை மாத்திக்கறேன்னு சொல்லிட்டார். சனி காலையில கிளம்பி அரண்மனை, மத்தியானம் ரூம்ல அம்மாவுக்கு ஓய்வு, சாயங்காலம் விளக்கு. ஞாயிறு தரியா தௌலத் பாத்துட்டு மலையேறலாம்னு திட்டம். கன்னேரிமுக்கு அதுக்கு முந்தின வாரமே போறோம் சார், பையன் அரை மனசா சரின்னுட்டான்.

ரெண்டு சந்தேகம். ரூம் எந்தப் பக்கம் போடறது? விளக்கு நேரத்துல அம்மா முக்கால் மணி நேரம் நிக்க மாட்டாங்க. உக்கார இடம் கிடைக்குமா? அந்த நேரத்துல உள்ள விடுவாங்களா?

---

கேத்தி பையன்:

அக்கா, மடக்கு ஸ்டூல் ஒண்ணு எடுத்துக்குங்க. ஊட்டி மார்க்கெட்ல மீன் பிடிக்கிறவங்களுக்குன்னு சின்னதா விக்கறாங்க, பைக்குள்ள போயிடும். அண்ணா சொன்ன இரும்புத் தூணை நான் கவனிக்கவே இல்லை, அடுத்த தடவை பாக்கணும்.

---

கல்லட்டி 36:

தம்பி சொன்ன ஸ்டூல் நல்ல யோசனை, எடுத்துக்குங்க. அப்ப மாளிகைக்குள்ள விட மாட்டாங்க, அது சாயங்காலம் 5.30க்கே மூடிடும். மைதானத்துக்குள்ள விடுவாங்க, விளக்குக்கு டிக்கெட் இல்லை. ஆறே காலுக்கே போயிடுங்க. எல்லாரும் முன்னாடி போய் நெருக்கியடிப்பாங்க, அவங்களை விட்டுடுங்க. பின்னாடி தள்ளி ஓரமா ஸ்டூலைப் போட்டா முழுக் கட்டடமும் கோபுரமும் ஒரே பார்வையில விழும், காலண்டர்ல இருந்த மாதிரி. கிட்ட போனா பல்புதான் தெரியும், அரண்மனை தெரியாது. 7.45க்கு அணையறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி எழுந்து வாசலுக்கு நடங்க, அம்மா கூட்டத்துல மாட்டிக்க மாட்டாங்க.

ரூம் அரண்மனை வாசல்லயே வேண்டாம், விலையும் அதிகம், லீவு நாள்ல வண்டி நுழையவே முடியாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பாருங்க, ஆட்டோவுல வந்துட்டுப் போயிடலாம். வண்டியை ரூம்லயே நிறுத்திடுங்க, விளக்குக்கு வண்டி எடுத்துட்டு வராதீங்க. கீழ்த்தளத்துல ரூம் இருக்கா, இல்லைன்னா லிஃப்ட் ஓடுதான்னு போன்லயே கேட்டுக்குங்க. "இருக்கு"ம்பாங்க, "ஓடுதா"ன்னு கேளுங்க.

ஞாயிறு ஸ்ரீரங்கப்பட்டணத்துலேருந்து மத்தியானம் ஒரு மணிக்குள்ள கிளம்பிட்டா வெளிச்சத்துலயே ஊட்டி. நஞ்சன்கூட்டுல ரசபாளே வாழைப்பழம் கிடைச்சா வாங்குங்க, இப்ப ரொம்பக் கிடைக்கறதில்லை. குண்டலுப்பேட்டையில ரோட்டோரம் தக்காளியும் காலிஃபிளவரும் மலிவு. துணிப்பை கொண்டு போங்க. பிளாஸ்டிக் பையில வாங்கினா கக்கநல்லா செக்போஸ்ட்ல பையைப் பிடுங்கிட்டு தக்காளியை மடியில கொட்டிடுவாங்க. அம்மாவை முன் சீட்டுல உக்கார வெச்சு சீட்டைப் பின்னாடி தள்ளி விடுங்க, மலையேறும்போது கால் நீட்டிக்கலாம்.